வைக்கோலில் ஒரு கிறிஸ்துமஸ்: கடல் தாண்டியும் விட்டுப்போகாத கைவேலை



இந்த மாதக் கைத்தொழில் பாடத்தில், நம் ஊரில் யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு கைவேலையைப் பற்றிப் படிக்கப் போகிறோம். ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் சுவீடன் நாட்டில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வைக்கோலில் அலங்காரப் பொருள்கள் செய்வார்கள். அறுவடை முடிந்து மிஞ்சிய தாள்தான் மூலப்பொருள். அந்த நாட்டிலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா போன குடும்பங்கள் பல தலைமுறை கழிந்தும் இந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன.

"அது சரி, அந்த ஊரு வைக்கோலைப் பத்தி நமக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பதில் இதுதான்: பாட்டிக்குத் தெரிந்த கைவேலை பேத்திக்குத் தெரியாமல் போவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. எப்படிப் போகிறது, எப்படிப் போகாமல் காக்கலாம் என்பதை இந்தக் கதையில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அதனால்தான் இந்தப் பாடம்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்வது:

1. வைக்கோல் எப்படிப் பண்டிகைப் பொருள் ஆனது?
2. ஊரை விட்டுப் போனவர்கள் அதை எப்படிக் காப்பாற்றினார்கள்?
3. ஒரு சின்ன வைக்கோல் தொங்கலை நாமே எப்படிச் செய்து பார்ப்பது?
4. கைவேலைக்கு விலை வைக்கும்போது எதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்?

இருட்டான மார்கழி

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். சுவீடனில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். தலைநகர் ஸ்டாக்ஹோமில் அப்போது பகல் வெளிச்சம் 6 மணி நேரம்தான். மதியம் 3 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வடகோடியில் சில வாரங்களுக்குச் சூரியன் தலைகாட்டவே காட்டாது. வயல் எல்லாம் பனி மூடிக் கிடக்கும். வெளியே வேலை செய்ய வழியில்லை. அறுவடை முடிந்த குடும்பங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நூற்பது, நெய்வது, மரம் செதுக்குவது என்று கைவேலை செய்தே குளிர்காலத்தைக் கழித்தன.

அவர்களின் முக்கிய தானியங்களில் ஒன்று ரை. கோதுமைக்குப் பங்காளி என்று சொல்லலாம். அதில்தான் ரொட்டி சுடுவார்கள். ரை பயிரின் தாள் நல்ல நீளம். உள்ளே குழல் போல இருக்கும். மேல்தோலில் மெழுகு பூசினாற்போல ஒரு பளபளப்பு. காய்ந்ததும் பொன் நிறம். காசில்லாத வீட்டில் பொன் மாதிரி மின்னும் பொருள் அது ஒன்றுதான்.

தரையில் கிடந்த வைக்கோல் கூரைக்கு ஏறியது

பழைய காலத்தில் சுவீடனில் கிறிஸ்துமஸ் இரவன்று வீட்டுத் தரை முழுக்க வைக்கோலைப் பரப்புவார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர், வேலைக்காரர் எல்லாரும் அதன் மேல் ஒன்றாகப் படுத்து உறங்குவார்கள். அந்த இரவில் இறந்துபோன முன்னோர் வீட்டுக்கு வருவார்கள், கட்டிலை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பது ஒரு நம்பிக்கை. குழந்தை இயேசு மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலில் கிடந்ததை நினைத்துச் செய்வது என்றும் சொல்வார்கள். பண்டிகை முடிந்ததும் அந்த வைக்கோலைத் தூக்கி எறிய மாட்டார்கள். வயலில் போடுவார்கள், பழ மரத்தில் சுற்றிக் கட்டுவார்கள். அடுத்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை.

பறவைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு கதிர்க்கட்டைக் கம்பில் கட்டி முற்றத்தில் நட்டு வைப்பார்கள். பனிக்காலத்தில் இரை கிடைக்காத குருவிகள் அதைக் கொத்தித் தின்னும். இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

வைக்கோலைத் தரையில் பரப்பும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் வைக்கோல் வீட்டை விட்டுப் போகவில்லை. அலங்காரமாக உருமாறி கூரையில் தொங்கியது, மேசையில் நின்றது, பிறகு கிறிஸ்துமஸ் மரத்திலும் ஏறியது.

என்னென்ன செய்கிறார்கள்?

தொங்கல்: வைக்கோல் குழல்களுக்குள் நூலைக் கோத்து, முக்கோணம் முக்கோணமாகக் கட்டிச் செய்வது. பெரிய வடிவத்தின் மூலைகளில் சின்ன வடிவங்கள் தொங்கும். கூரையிலிருந்து ஒற்றை நூலில் தொங்கவிடுவார்கள். கனமே இருக்காது என்பதால் யாராவது பக்கத்தில் நடந்தாலே சுழலும். அதனாலேயே சுவீடன் மொழியில் இதற்கு 'ஊரு' என்று பெயர். அமைதியில்லாதது என்று பொருள். பக்கத்து நாடான பின்லாந்தில் இதை 'ஹிம்மெலி' என்கிறார்கள். வானம் என்ற பொருளுடைய சுவீடன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கே இதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுவார்கள். தொங்கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய விளைச்சல் என்பார்கள். லித்துவேனியா நாட்டிலும் இதே போன்ற வைக்கோல் தொங்கல் உண்டு. 2023-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆட்டுக்கிடா: வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, உடம்பு, கால், வளைந்த கொம்பு என்று செய்து, சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். பெயர் 'யூல்பொக்', அதாவது கிறிஸ்துமஸ் கிடா. கிறிஸ்துமஸ் தாத்தா பிரபலம் ஆவதற்கு முன்னால் சுவீடனில் வீட்டுக்குப் பரிசு கொண்டுவந்தது இந்தக் கிடாதான். ஒருவர் கிடா வேஷம் போட்டுக்கொண்டு வருவார். இதில் ஒரு விளையாட்டும் உண்டு. வைக்கோல் கிடாவைப் பக்கத்து வீட்டில் அவர்களுக்குத் தெரியாமல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். கண்டுபிடித்தவர்கள் அதேபோல இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மர அலங்காரம்: நட்சத்திரம், தேவதை, இதயம், சின்னக் கிடா எல்லாம் சிவப்பு நூலில் கட்டிக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள்.

ஜனவரி 13-ஆம் தேதி பண்டிகைக் காலம் முடிகிறது. அன்று பிள்ளைகள் கூடி மரத்தில் இருக்கும் மிட்டாய்களை எடுத்துக்கொள்வார்கள். அலங்காரம் எல்லாம் இறங்கும், மரமும் வெளியே போகும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். வைக்கோல் பல காலம் நிற்கிற பொருள் இல்லை. ஒடியும், நிறம் மங்கும், எலி கடிக்கும். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பாட்டி வைத்துவிட்டுப் போனதைப் பேத்தி எடுத்துத் துடைத்து வைக்க முடியாது. சில வருஷத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து புதிதாகச் செய்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

கப்பல் ஏறியவர்கள்

இன்றைக்குச் சுவீடன் வசதியான நாடு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. ஜனத்தொகை பெருகியது, நிலம் துண்டு துண்டானது, கூலி குறைவு. 1867-ல் குளிரிலும் மழையிலும் பயிர் போனது. 1868-ல் வறட்சியில் போனது. பஞ்சம் வந்தது. அதே காலத்தில் அமெரிக்க அரசு 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியேறிப் பயிர் செய்கிறவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. அந்தச் செய்தி கடிதம் கடிதமாக ஊருக்கு வந்தது.

1850-லிருந்து 1930 வரைக்கும் சுமார் 13 லட்சம் பேர் சுவீடனை விட்டு வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1850-ல் நாட்டின் மொத்த ஜனத்தொகையே 35 லட்சம் அளவுதான் என்றால், எத்தனை வீட்டில் ஆள் குறைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இல்லினாய் மாநிலத்தில் பிஷப் ஹில் என்ற ஊரை 1846-ல் ஒரு சுவீடன் கூட்டம் உண்டாக்கியது. கன்சாஸ் மாநிலத்தில் லிண்ட்ஸ்போர்க் என்ற ஊரை 1869-ல் வேர்ம்லாந்து பகுதியிலிருந்து போனவர்கள் அமைத்தார்கள். மின்னசோட்டாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காடு திருத்திப் பயிர் செய்தன. சிகாகோ நகரத்தில் ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோமுக்கு அடுத்தபடியாக அதிக சுவீடன்காரர்கள் இருந்தார்கள். தனியாகப் போன இளம்பெண்களும் நிறையப் பேர். பெரும்பாலும் பணக்கார வீடுகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த தங்கைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் அவர்கள்.

ஒரு குடும்பம் கடல் கடந்து போகும்போது ஒரு மரப்பெட்டியில் அடங்குவதைத்தான் கொண்டுபோக முடியும். துணி, போர்வை, பைபிள், கைக்கருவி. வைக்கோல் தொங்கலை யாரும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. பாய்மரக் கப்பலில் பல வாரப் பயணம். பொடிப்பொடியாகிவிடும். கடல் தாண்டியது பொருள் இல்லை, அதைச் செய்யத் தெரிந்த கையும், எந்த நாளில் செய்ய வேண்டும் என்ற நினைப்பும்தான்.

போன இடத்திலும் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. கன்சாஸ் போன்ற இடங்கள் மரமே அரிதான புல்வெளி. அங்கே கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. கடையில் அலங்காரம் வாங்கக் காசில்லாத முதல் தலைமுறைக்கு, அறுத்த வயலில் கிடந்த தாள் இலவசமாகக் கிடைத்த பொருள்.

மொழி போனது, பண்டிகை நின்றது

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அமெரிக்காவில் அந்நிய மொழி பேசுகிறவர்கள் மேல் சந்தேகம் அதிகமானது. அயோவா மாநிலத்தில் 1918-ல் ஆளுநர் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பள்ளி, பொது இடம், ரயில், தொலைபேசி, கோயில் ஆராதனை எல்லாவற்றிலும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்றார். சுவீடன் குடும்பங்களின் தேவாலயங்களும் 1920, 1930-களில் ஆங்கிலத்துக்கு மாறின. பிள்ளைகள் பள்ளியில் கேலிக்குப் பயந்து வீட்டு மொழியைப் பேசுவதை நிறுத்தினார்கள். அம்மா சுவீடன் மொழியில் கேட்பாள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரண்டு தலைமுறையில் மொழி போய்விட்டது.

ஆனால் டிசம்பர் வந்தால் பழக்கம் திரும்ப வந்தது. 13-ஆம் தேதி வெள்ளை உடை போட்டுத் தலையில் விளக்கு வைத்துக்கொண்டு வரும் லூசியா பண்டிகை. 25-ஆம் தேதி விடியும் முன்பே தேவாலயப் பூசை. அரிசிக் கஞ்சி, மீன், இஞ்சி பிஸ்கட். கூடவே வைக்கோல் கிடாவும் நட்சத்திரமும். இதை எல்லாம் யாரும் வெளியில் போய்ப் பேச வேண்டியதில்லை. வீட்டுக்குள், அடுப்படியில், பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த விஷயங்கள். எந்த அறிவிப்பாலும் தடுக்க முடியாதவை. அதனால் நின்றன.

வரலாற்று அறிஞர் மார்கஸ் லீ ஹான்சன் 1937-ல் இல்லினாய் மாநிலத்தில் ராக் ஐலண்ட் ஊரில், சுவீடன் வம்சாவளியினரின் ஒரு வரலாற்றுச் சங்கத்தில் பேசினார். குடியேறியவர்களின் பிள்ளைகள் பெற்றோரின் பழக்கத்தை ஒதுக்கி வைக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் அதையே தேடிப் போகிறார்கள் என்பது அவர் சொன்ன கருத்து. எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும் யோசிக்க வேண்டிய கருத்து. தேடிப் போகிற பேத்திக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாட்டியாவது உயிரோடு இருக்க வேண்டுமே! நடுவில் இருக்கும் தலைமுறை முழுசாக விட்டுவிட்டால் தேடினாலும் கிடைக்காது.

அங்கேதான் சங்கங்கள் கைகொடுத்தன. மின்னியாபொலிஸ் நகரத்தில் அமெரிக்க சுவீடன் நிறுவனம் 1929-ல் தொடங்கப்பட்டது. சிகாகோவில் சுவீடன் அமெரிக்க அருங்காட்சியகம் 1976-ல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பண்டிகைக் காலத்தில் பழைய முறைப்படி அறைகளை அலங்கரித்து வைக்கிறார்கள், கைவேலை வகுப்பு நடத்துகிறார்கள். பிஷப் ஹில் ஊரில் கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. வீட்டில் கற்றுக்கொள்ள வழியில்லாதவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்கிறார்கள். சுவீடன் வம்சம் அல்லாதவர்களும் வருகிறார்கள்.

தாய்நாட்டில் ஒரு பெண் செய்த வேலை

ஊரை விட்டுப் போனவர்கள் கதை இது. ஊரிலேயே இருந்தவர்கள் கதை என்ன? அங்கேயும் கைவேலைக்கு ஆபத்து வந்தது. ஆலைத்துணியும் கடைச்சாமானும் மலிவாக வந்ததும், வீட்டில் செய்ததைக் கேவலமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது லில்லி சிக்கர்மன் என்ற பெண்மணி 1899-ல் சுவீடன் வீட்டுக் கைவேலைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1858-ல் பிறந்தவர்.

அவர் நோக்கம் இரண்டு. கிராமத்துக் குடும்பங்களுக்குக் கைவேலையால் வருமானம் வர வேண்டும். பழைய நல்ல வேலைப்பாடுகள் அழியாமல் இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் கடை போட்டு கிராமத்துப் பொருள்களை விற்றார்கள். எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று விடவில்லை. தரம் பார்த்தார்கள். 1914-லிருந்து 1931 வரை அவர் ஊர் ஊராகப் போய், பழைய நெசவு, தையல் வேலைகளைப் பதிவு செய்தார். சுமார் 24 ஆயிரம் பொருள்கள்! எந்த ஊர், என்ன வேலைப்பாடு என்று எழுதி வைத்தார். 1912-ல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பும் ஆனது. குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆவது நமக்கு மட்டும் உரிய யோசனை இல்லை, பார்த்தீர்களா?

அவர் பதிவு செய்தது துணி வேலைகளை. ஆனால் அந்த இயக்கம் உண்டாக்கிய மரியாதை வைக்கோல் வேலைக்கும் வந்து சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் வைக்கோல் அலங்காரம் நகரத்து வீடுகளுக்கும் போனது. இன்று சுவீடனில் பெங்ட்ஸ்ஃபோர்ஸ் என்ற ஊரில் வைக்கோல் வேலைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

யேவ்லே என்ற நகரத்தில் 1966-லிருந்து ஒரு ராட்சத வைக்கோல் கிடாவைச் சதுக்கத்தில் நிறுத்துகிறார்கள். 13 மீட்டர் உயரம், 3 டன் எடை. முதல் வருஷமே புத்தாண்டு இரவில் யாரோ தீ வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை எரிந்திருக்கிறது. எரிந்தாலும் அடுத்த வருஷம் மறுபடி கட்டுகிறார்கள். 2023-ல் வேடிக்கை. வைக்கோலில் தானியம் மிஞ்சியிருந்ததால் காக்கை இனப் பறவைகள் கூட்டமாக வந்து கிடாவைக் கொத்திப் பிய்த்துவிட்டன. பறவைக்குக் கதிர்க்கட்டு வைக்கிற ஊரில் பறவைகள் தங்கள் பங்கைத் தாங்களே எடுத்துக்கொண்டன!

நாமே செய்து பார்ப்போம்: 12 குழல் தொங்கல்

தேவையானவை: ஒரே அளவில் வெட்டிய 12 குழல் துண்டுகள் (8 செ.மீ. போதும்), உறுதியான பருத்தி நூல், நீளமான ஊசி, கத்தரிக்கோல்.

சுவீடனில் ரை அல்லது கோதுமைத் தாள். பின்லாந்தில் நாணல் தண்டிலும் செய்கிறார்கள். அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும் என்பதால், கைவேலைக்கு வேண்டியதைத் தனியாக அரிவாளால் அறுப்பார்கள். கணுவுக்குக் கணு இடைப்பட்ட பகுதியை மட்டும் எடுப்பார்கள். வெட்டும்போது பிளக்காமல் இருக்க வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைப்பார்கள். முதன்முதலாகப் பழகுகிறவர்கள் காகிதக் குழலில் செய்து பார்க்கலாம்.

1. 4 குழல்களை நூலில் கோத்து முடிச்சுப் போடுங்கள். சதுரம் கிடைக்கும். அதன் மூலைகளை அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக வைத்துக்கொள்வோம்.

2. மூலை 'அ'வில் புது நூலைக் கட்டி, 2 குழல்களைக் கோத்து, எதிர் மூலை 'இ'யில் கட்டுங்கள். இரண்டு குழலுக்கும் நடுவே இருக்கும் இடம்தான் உச்சி.

3. மூலை 'ஆ'வில் நூலைக் கட்டி, ஒரு குழலைக் கோத்து உச்சியில் ஒரு முடிச்சு. அதே நூலில் இன்னொரு குழலைக் கோத்து மூலை 'ஈ'யில் கட்டுங்கள். மேலே கூம்பு மாதிரி நிற்கும்.

4. சதுரத்தைத் திருப்பிப் போட்டு, கீழ்ப்பக்கத்திலும் இதேபோல 4 குழல்களால் செய்யுங்கள்.

5. உச்சியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.

சதுரத்துக்கு 4, மேலே 4, கீழே 4, ஆக 12. சதுரமாக மட்டும் இருந்தபோது கோணிக்கொண்டு ஆடும். எல்லாப் பக்கமும் முக்கோணமாகக் கட்டி முடித்ததும் கல் மாதிரி நிற்கும். ஒன்றை ஒன்று தாங்குவதால் வரும் பலம் அது. பெரிய தொங்கல் வேண்டுமானால், பெரிய வடிவத்தின் மூலைகளில் சின்னச் சின்னதாகச் செய்து கட்டலாம்.

எச்சரிக்கை: வைக்கோல் சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி, அடுப்பு, சூடேறும் பல்ப் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது.

கூலிக் கணக்கு

இப்போது கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு பெரிய வடிவமும் 6 சின்ன வடிவங்களும் சேர்ந்த தொங்கலுக்கு 7 × 12 = 84 குழல்கள் வேண்டும். தாள் பொறுக்குவது, ஊற வைப்பது, வெட்டுவது, கோப்பது எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 360 ரூபாய். நூல், தாள் 20 ரூபாய். அடக்க விலையே 380 ரூபாய். ஆலையில் செய்த மலிவுச் சாமான் பக்கத்துக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்தால், நாமும் 150-க்குக் கொடுத்தால் 230 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. ஏன்? நம் நேரத்தை நாம் கணக்கிலேயே எழுதுவதில்லை. "சும்மா வீட்டுல இருக்கற நேரத்துல செஞ்சதுதானே" என்று சொல்லிவிடுகிறோம். சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது?

சுவீடன் கைவேலைக்கும் இதே நெருக்கடிதான். இன்று மலிவான வைக்கோல் கிடா பெரிய கடைகளில் குவிந்து கிடக்கிறது. பல குடும்பங்கள் வாங்கித்தான் வைக்கின்றன. வாங்குவது தப்பில்லை. ஆனால் எல்லாரும் வாங்கியே வைத்தால், பத்து இருபது வருஷத்தில் அலங்காரம் இருக்கும், கைவேலை இருக்காது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னோம். வைக்கோல் நீண்ட நாள் நிற்காது, அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று. இது குறை போலத் தெரிகிறது. உண்மையில் இந்தக் கைவேலையைக் காப்பாற்றியதே அதுதான் என்பது எங்கள் கருத்து. கெட்டியான பொருளாக இருந்திருந்தால் பாட்டி செய்த ஒன்றையே நாலு தலைமுறை வைத்திருக்கும். யாரும் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஒடிகிற பொருளாக இருந்ததால் ஒவ்வொரு தலைமுறையும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

அதனால் ஒரு கைவேலை நிலைக்க மூன்று வேண்டும். ஒன்று, அதைச் செய்வதற்கு வருஷத்தில் ஒரு நாள் குறித்திருக்க வேண்டும். இரண்டு, பெரியவரும் சின்னவரும் ஒன்றாக உட்கார வேண்டும். மூன்று, விற்பனைக்குப் போனால் உழைப்புக்கு உரிய விலை கிடைக்க வேண்டும். முதல் இரண்டையும் குடும்பமே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது தனி ஆளால் ஆகாது, அதற்குத்தான் சங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்கள் யாரும் "பாரம்பரியத்தைக் காக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்யவில்லை. பண்டிகை வந்தது, வீட்டை அலங்கரிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள், செய்தார்கள். அவ்வளவுதான். அப்படிச் செய்ததால்தான் நின்றது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்து, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தெரியாத கைவேலை எது? ஓலை, கோரை, தையல், சமையல் எதுவானாலும் சரி. ஒரு பட்டியல் போடுங்கள்.

2. அதில் எதை வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் கூடிச் செய்யலாம்? எந்த நாள்?

3. நம் உறுப்பினர்கள் செய்து விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் நேரத்தை மணிக்கணக்கில் எழுதி, கூலி சேர்த்து அடக்க விலை போடுங்கள். இப்போது விற்கிற விலை அதற்குக் கட்டுமா?

4. வெளியூர், வெளிநாடு போன நம் பிள்ளைகள் எந்தப் பழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்? யார் சொல்லிக் கொடுத்தது?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி எழுதி வையுங்கள். 12 குழல் தொங்கலைச் செய்து பார்த்த குழுக்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் காட்டுவோம்.